பேர் வள்ளங்களும் இரண்டு பெட்டிச் சட்டமும்

1

எங்கள் ஊர் மலரில் இந்தப் பக்கத்தை வருடாவருடம் எழுதி அனுப்புகிறவன் நான்தான். யாருடைய நினைவாக, எந்த மாதத்தில், யாருக்கு என்ன வழங்கினோம் என்பதைத் திகதி தவறாமல் எழுதுவேன். இம்முறை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. குளத்தின் பெயரை மட்டும் தவிர்க்கிறேன். வாசிக்கிற உங்களுக்கு அது எந்தக் குளம் என்று தெரியும். தெரியாதவர்கள், தண்ணீரூற்றிலிருந்து உட்பக்கமாகச் சைக்கிளில் போனால் வருகிற ஏதோவொரு குளம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

அப்பாவின் திதி பங்குனித் தேய்பிறைத் தசமி. ஆங்கிலத் திகதியோடு அது ஒரு வருடமும் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பஞ்சாங்கம் பார்த்து, அடுத்த திதி எந்தக் கிழமையில் வருகிறது என்று குசினிச் சுவரில் ஒட்டிவைப்பேன். இந்த வருடம் அது ஒரு வேலைநாளில் வந்தது.

நான் இருப்பது நோர்வேயின் வடகரையில் ஒரு சிறிய பட்டினம். வேலை, மீன் இறங்குதுறையில். படகுகள் கொண்டுவருகிற மீனைத் தராசில் ஏற்றி நிறுத்து, எந்தப் படகு, எந்த மீன், எத்தனை கிலோ என்று பதிவேன். நான் பதிந்த கணமே அது அரசாங்கத்துக்குப் போய்விடும். இங்கே ஒவ்வொரு படகுக்கும் வருடத்துக்கு இவ்வளவு மீன்தான் என்று ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் வலையில் வந்துவிட்டால் அதைத் திரும்பக் கடலில் வீசவும் முடியாது. கரைக்குக் கொண்டுவந்து இறக்கத்தான் வேண்டும், ஆனால் அதன் விலை பிடித்தவனுக்கு இல்லை. வந்த புதிதில் இந்தச் சட்டத்தைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது அதைக் காக்கிற ஆட்களில் நானும் ஒருவன்.

திதியன்று காலையில் மட்டும் வேலைக்குப் போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து படைப்பதென்று ஏற்பாடு. அன்று ஐனார் தன் படகைக் கொண்டுவந்து கட்டினான். என் வயதுக்காரன், தனியாகக் கடலுக்குப் போகிறவன். அவன் இறக்கிய மீனோடு அந்த வருடத்துக்கான அவனுடைய கொட் மீன் அளவு முடிந்தது.

"கடலில் இன்னும் நிற்குதா?" என்று கேட்டேன்.

"வாளியைத் தாழ்த்தினால் அள்ளலாம்" என்றான். சொல்லிவிட்டு வலையை மடிக்கத் தொடங்கினான். முகத்தில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஏன் அரைநாளில் போகிறாய் என்று கேட்டான். அப்பாவின் நினைவு நாள் என்று சொல்லி, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். குளத்துத் தண்ணீரில் நீல நிற வள்ளம். அதன் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் முழுப்பெயர்.

"உன் அப்பாவும் மீனவரா? இவ்வளவு காலமும் சொல்லவில்லையே" என்றான். குரலில் உண்மையான மரியாதை இருந்தது. பிறகு, இங்கே எந்தப் படகைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "அளவு எவ்வளவு?"

"நாளுக்கு இரண்டு பெட்டி" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். அப்பா வயல்காரர். வள்ளத்தில் ஒருநாளும் கால் வைத்தவரல்ல. குளத்து மீன் சேறு மணக்கும் என்று தட்டை அரக்கி வைக்கிறவர். இரண்டு பெட்டி என்ற அளவும் அந்த வள்ளத்துக்கு இருந்ததில்லை. முதல் கேள்வியை மறுக்காமல் விட்டதையும் சேர்த்தால், ஒரு நிமிடப் பேச்சில் இரண்டு பொய். தராசடியில் நின்று சொன்ன பொய்கள்.

2

பேர் வள்ளங்கள் எப்படி வந்தன என்பதை ஒழுங்காக எழுதிவைக்கவேண்டும். இது எங்கள் பகுதியில் மட்டும் நடக்கக்கூடிய ஒரு பிழை என்று நினைக்கிறேன்.

மீள்குடியேறிய முதல் வருடங்களில் குளத்தில் வள்ளமே இல்லை. முன்பு இருந்தவை எரிந்துபோயின, அல்லது விறகாகிப்போயின. நோர்வேயில் இருக்கிற எங்கள் ஊர் ஒன்றியம் சில வள்ளங்கள் வாங்கிக்கொடுத்தது. அவை தேவையாக இருந்தன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வள்ளங்களை வைத்துத்தான் நன்னீர் மீன்பிடிச் சங்கம் திரும்ப எழுந்தது.

சங்கத்தில் இருப்பவர்கள் அநேகமாக மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். வயல் காணி இல்லாதவர்கள். எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் பெற்ற குடும்பங்களுக்குக் குளம் என்றால் வாய்க்காலில் வருகிற தண்ணீர். அவர்களுக்கு அது சோறு. அதனால் அவர்கள்தான் உட்கார்ந்து சட்டம் வகுத்தார்கள். கடற்றொழில் அலுவலரோடு பேசி, குளம் இருபது வள்ளத்தைத் தாங்கும் என்று முடிவெடுத்து, ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஓர் இலக்கம் அடித்தார்கள். வலைக் கண்ணுக்குள் நாலு விரல் போகவேண்டும். ஒரு வள்ளத்துக்கு நாளுக்கு இரண்டு பெட்டி. குளத்தில் மீன்குஞ்சு விட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு வலை இல்லை. குஞ்சுக்கான காசை ஒன்றியம் அனுப்பியது.

பிறகு, எங்கள் ஒன்றியத்தின் மூத்தவர்களில் ஒருவரான ராசண்ணை தன் தாயாரின் நினைவாக ஒரு வள்ளம் கொடுத்தார். அதன் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரை எழுதுவித்தார். படம் வந்தது. எல்லோரும் பார்த்தோம். அதுவரை பெற்றோரின் நினைவாகச் சைக்கிளும் தையல் மெசினும் கொடுத்துவந்தவர்கள் வள்ளத்துக்கு மாறினார்கள். சைக்கிளில் பெயர் எழுத இடமில்லை. வள்ளத்தில் முழுப்பெயரையும் பெரிதாக எழுதலாம். பின்னால் தண்ணீரும் அணைக்கட்டும் தெரிய, படமும் அழகாக வரும்.

"அண்ணை, இருபது எண்டெல்லோ வைச்சிருக்கிறம்" என்று சங்கத்தில் அப்போது தலைவராக இருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது சங்க வள்ளம். இது அன்பளிப்பு. உங்கட இருபதுக்குள்ள இது வராது" என்று நாங்கள் விளக்கம் கொடுத்தோம். நாங்கள் என்றுதான் எழுதவேண்டும், தொலைபேசியைப் பிடித்திருந்தது நான் என்றாலும்.

அன்பளிப்பைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. செத்தவர்களின் பெயரோடு வருவதை எப்படி வேண்டாம் என்பது? வள்ளங்கள் வந்துகொண்டே இருந்தன. இலக்கம் இல்லாமல் பெயர் மட்டும் இருந்ததால் அவற்றுக்குப் 'பேர் வள்ளம்' என்ற பெயர் விழுந்தது. இலக்கம் இல்லையென்றால் இரண்டு பெட்டிச் சட்டமும் இல்லை என்று ஆயிற்று. பிறகு நாலு விரலும் இல்லையென்று ஆயிற்று. கடைசிக்கு முன் வந்தது அப்பாவினுடையது. அதோடு பதினாறு. இன்னொன்றும் வந்து பதினேழு.

ஒரு வருடம் பேர் வள்ளமொன்று நாலு பெட்டி மீனோடு கரைக்கு வந்த படத்தை இதே மலரில் போட்டேன். கீழே 'நிறைந்த அறுவடை' என்று எழுதினேன். அன்று பகலில் இங்கே ஒரு படகுக்காரனிடம், அளவைத் தாண்டிவிட்டாய் என்று சொல்லி, கூடுதல் மீனைத் தனியாக நிறுத்திருப்பேன். நிச்சயமாக நிறுத்திருப்பேன். அது என் தினசரி வேலை.

3

போன வருடம் ஆவணியில் மகள் நிலானியோடு ஊருக்குப் போனேன். அவள் இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், பேசும்போது சொற்களைத் தேடுவாள். தான் பிறக்க முன் நான் விட்டுவந்த இடத்தைப் பார்ப்பதில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. வள்ளத்தைப் பார்க்கத்தான் வந்தாள்.

அப்பாவின் பெயருள்ள வள்ளத்தைப் பெற்றவன் செல்வம். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல், பகிடிக்காரன். கரைக்கு வந்து இறங்கியவன் என்னைக் கண்டதும் பெட்டியைச் சாக்கால் மூடினான். "காட்டன்ரா" என்று சொல்லிச் சாக்கைத் தூக்கினேன். திலாப்பியாக்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும்.

"இதென்ன, குஞ்சுகளோ?"

"குஞ்சில்லை அண்ணை. இதுதான் இப்ப மீன். உடம்பு சின்னன், சினை கிடக்கு பாருங்கோ. வளர முதல் கலியாணம் கட்டுதுகள்."

நிலானி அவனுடைய வலையை எடுத்து, கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரலோடு இறுகியது.

"அப்பா, அப்பப்பா மீன் பிடிச்சவரா?"

"இல்லைப் பிள்ளை. வயல் செய்தவர்."

"அப்ப ஏன் அவர்ட பேர் இதில?"

"நினைவுக்கு."

அவள் சொல்லைத் தேடினாள். "அப்பப்பாவை நீங்கள் நினைக்க, இவர் ஏன் இவ்வளவு மீன் பிடிக்க வேணும்?"

செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். "தங்கச்சி கேக்கிறது சரிதானே அண்ணை" என்றான். நானும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானச் சாப்பாடு சங்கத்தின் செயலாளர் கமலேஸ்வரி வீட்டில். கமலா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுடைய பெற்றோர் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது வன்னியில். கணவர் யோகன், எட்டாம் இலக்க வள்ளத்துக்காரர். வாழையிலையில் சோறும், பெரிய துண்டு மீன் குழம்பும், பொரியலும் வந்தன. நிலானி இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள்.

"குளத்து மீன் நல்ல ருசி. அப்பப்பா சும்மா குறை சொன்னவர்" என்றாள்.

கமலா யோகனைப் பார்த்தாள். யோகன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். எனக்கு முதல் துண்டிலேயே தெரிந்துவிட்டது, அது கடல் பாரை.

"அது முல்லைத்தீவுப் பாரை, பிள்ளை" என்றார் யோகன் கடைசியில். "காலமை சந்தைக்குப் போய் வாங்கி வந்தனான். விருந்துக்கு வைக்கிற அளவில குளத்தில மீன் இல்லை."

குளத்தில் மீன் பிடித்துச் சீவிக்கிறவர், எனக்குச் சோறு போடுவதற்காகச் சந்தையில் மீன் வாங்கியிருக்கிறார். நான் வீடு திரும்பி அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய குறிப்பில் உபசரிப்பைப் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. பாரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

4

இந்த வருடம் சித்திரையில் கமலா தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, வேலையோ?"

"இல்லைத் தங்கச்சி, சொல்லுங்கோ."

"பொதுக்கூட்டம் வைச்சனாங்கள். பேர் வள்ளம் எல்லாத்தையும் கரையில ஏத்திறதெண்டு முடிவு. குளம் திரும்ப எழும்பும் மட்டும். அந்தப் பதினேழு குடும்பமும் இலக்க வள்ளங்களில முறை வைச்சுப் போகலாம். எங்கட ஆக்கள் இடம் குடுக்க ஓம் எண்டிட்டினம்."

"நல்ல முடிவுதானே."

"ஓம். ஆனா பேருக்குரிய ஆக்களைக் கேக்காமல் வள்ளத்தைக் கவிழ்க்கக் கூடாது எண்டு எல்லாரும் சொல்லீனம். குஞ்சுக்கும் நீங்கள்தானே அனுப்பிறனீங்கள். ஆரும் கோவிச்சுக்கொண்டால் அதுவும் இல்லாமப் போயிடும். மாரி மழைக்கு முதல், இருக்கிற தாய் மீனையெண்டாலும் விட்டுவைக்கவேணும் அண்ணை. நீங்கள் ஒருக்கா அங்க கதைச்சு ஓம் வாங்கித் தாங்கோ."

கதைக்கிறேன் என்றேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றியக் கூட்டம். பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதற்கு நகரசபையிடம் அனுமதி வாங்க நான்தான் விண்ணப்பிக்கவேண்டும். எத்தனை பேர், என்ன நோக்கம், உணவு உண்டா, எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவீர்கள் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் பிழையில்லாமல் நிரப்புவேன். வடையும் தேத்தண்ணியும் வந்தன. பிள்ளைகள் பக்கத்து அறையில் நோர்வேஜிய மொழியில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசமுன் எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள்.

எழும்பி நின்று, சங்கம் பேர் வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைக்க விரும்புகிறது, அதற்கு எங்களுடைய சம்மதம் வேண்டும் என்று சொன்னேன்.

"கவிழ்க்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"மழை தண்ணி நிக்காமல் இருக்க, அப்பிடித்தான் வைக்கிறது."

"பேர் நிலத்தைப் பாக்கவோ?"

பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "அங்க வெள்ளைக்காரனுக்கு மீன் நிறுக்கிறவர், இங்க வந்து எங்கட தாய் தேப்பனை நிறுக்கிறார்" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் ஏதோ பதில் சொல்லத் தொடங்கினேன். ராசண்ணை கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

அவர் டாக்சி ஓட்டுகிறவர். சத்தமாகப் பேசுகிற பழக்கம் இல்லை.

"சேகரம், நீர் நாள் கோள் பாக்கிற மனுசன். உம்மட அப்பா கட்டிலில படுத்துச் செத்தவர். திதி தெரியும். நீர் படைக்கிறீர். என்ர அம்மாவின்ர திதி என்ன எண்டு சொல்லும் பாப்பம்."

அவருடைய தாயாரைக் கடைசி யுத்தத்தில் கடற்கரைப் பக்கமாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. எந்த நாள், எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊரில் நடந்த எத்தனையோ விஷயங்களுக்கு நான் திகதி வைத்திருக்கிறேன், அந்த அம்மாவுக்கு என்னிடம் ஒரு திகதியும் இல்லை.

"கல்லறை இல்லை, கட்டை வெந்த இடம் இல்லை. அந்த வள்ளத்தில மட்டும்தான் அவாவின்ர பேர் எழுதிக் கிடக்கு. அதையோ கவிழ்க்கச் சொல்லுறீர்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அடுத்தது விளையாட்டுப் போட்டி. சாக்கோட்டத்துக்குச் சாக்கு எங்கே வாங்குவது என்பதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். நானும் பேசினேன்.

5

அதன்பின் கமலாவின் அழைப்பு வந்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. திரையில் அவளுடைய பெயர் எரிந்து அணைகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிலானி ஒருநாள், "அப்பா, போன் அடிக்குது" என்றாள். தெரியும் என்றேன். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு கிழமை கழித்து நானே எடுத்தேன். ஒன்றியம் யோசிக்கிறது என்று சொன்னேன். யோசிக்கவில்லை. "என்ர அப்பாவின்ரதை இப்பவே ஏத்துங்கோ தங்கச்சி, அதுக்கு நான் ஓம்" என்றேன். அப்படிச் சொன்னபோது பெரிய காரியமொன்றைச் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"சரி அண்ணை" என்றாள் கமலா.

ஆனி மாதம் தொடங்கிய கையோடு செல்வம் எடுத்தான்.

"அண்ணை, சுகமோ?"

"சுகம். நீர் எப்பிடி?"

"நான் கரையில நல்ல சுகம். உங்கட அப்பாவும் கரையில. மற்றப் பதினாறும் குளத்தில நிக்குது. நாங்கள் ரெண்டு பேரும் இருந்து பாத்துக்கொண்டிருக்கிறம்."

பகிடியாகத்தான் சொன்னான்.

"இலக்க வள்ளத்தில முறை தருவினம் எண்டு கமலா சொன்னவா."

"பதினேழு பேரும் ஏறினால் முறை அண்ணை. நான் ஒராள் ஏற, மற்றவங்கள் தனி வள்ளத்தில போய் அள்ள, எவன் தன்ர பங்கைப் பிரிச்சுத் தருவான்? யோகண்ணை ரெண்டு நாள் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்கும் பிள்ளையள் இருக்குதுகள்." பிறகு குரல் மாறியது. "ஏன் அண்ணை எனக்கு மட்டும்?"

இங்கே கடலில் ஒருவனுடைய அளவு முடிந்தால் அவன் படகைக் கட்டுகிறான். பக்கத்துப் படகும் தன் அளவு முடிந்ததும் கட்டும் என்ற நம்பிக்கையில்தான் கட்டுகிறான். எல்லோருக்கும் பொதுவாக இல்லாத அளவு ஒருவனுக்கு மட்டும் விழுந்தால், அதற்குத் தண்டனை என்று பெயர். இத்தனை வருடம் தராசடியில் நின்ற எனக்கு இது தெரியாதென்று சொல்லமுடியாது. தெரிந்துகொண்டே, என் மனச்சாட்சிக்காக ஒரு ஏழையை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டேன். குளத்துக்கு அதனால் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"யோசியுங்கோ அண்ணை. நான் உங்கட ராசண்ணையின்ர நம்பர் எடுத்து வைச்சிருக்கிறன், அவரிட்டையும் கேட்டுப் பாக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

அவன் உண்மையாகவே கேட்டான். இரண்டு நாள் கழித்து ராசண்ணை என் வீட்டு வாசலில் டாக்சியை நிறுத்தி, என்னை வெளியே கூப்பிட்டார். முன் இருக்கையில் ஏறச் சொன்னார். எங்கேயும் போகவில்லை.

"செல்வம் எண்ட பெடியன் எடுத்தவன். 'ஐயா, உங்கட அம்மாவின்ர வள்ளத்தில எனக்கு ஒரு இடம் தருவியளோ' எண்டு கேட்டான். ஏன்ரா எண்டு கேட்டன். அவன் எல்லாத்தையும் சொன்னான். உள்ளங்கை மீனைச் சொன்னான். ரெண்டு விரல் வலையைச் சொன்னான். உமக்கு வைச்ச பாரையையும் சொன்னான்."

நான் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீர் கூட்டத்தில பேரைக் கவிழ்க்கிறதைப் பற்றிக் கதைச்சீர். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கேல்லை. ஏன்?"

உண்மையில் ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீனைப் பற்றிப் பேசியிருந்தால் அந்த நாலு பெட்டிப் படத்தைப் பற்றிப் பேசவேண்டும். என்னுடைய 'நிறைந்த அறுவடை'யைப் பற்றிப் பேசவேண்டும். சங்கத்தின் சட்டத்தை நாங்கள்தான் மிதித்தோம் என்று சபையில் சொல்லவேண்டும். சம்மதம் மட்டும் கேட்டால், பிழை செய்தவர்களாக இல்லாமல், கொடுப்பவர்களாகவே இருந்துவிடலாம்.

"வெக்கமாக் கிடந்தது அண்ணை" என்றேன்.

"எனக்கும்தான். மலரில அந்தப் படத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டவன் நான். அது என்ர அம்மாவின்ர வள்ளம்." அவர் ஸ்டியரிங்கில் கையைத் தேய்த்தார். "அம்மா பானையில இருக்கிறதைப் பாத்து அளவாப் போடுற மனுசி. கடைசி ஆளும் சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுட்டுத்தான் தான் இருப்பா. அவாவின்ர பேரை வைச்சு அடுத்தவன்ர பங்கையும் அள்ளிக்கொண்டு வாறாங்கள்."

பிறகு, "கவிழ்க்கவேண்டாம். அதுக்கு நான் விடன்" என்றார். "ஆனா பேருக்குப் பக்கத்தில இலக்கம் அடிக்கச் சொல்லும். ரெண்டு பெட்டி. நாலு விரல். செல்வத்தையும் அதில ஏத்தி, ரெண்டு குடும்பமும் முறை வைச்சுப் போகட்டும். மற்ற ஆக்களிட்ட நான் கதைக்கிறன். நீர் வரவேண்டாம். நீர் வந்தால் வேற எதையாவது கதைப்பீர்."

அவர் வீடுவீடாகப் போனார். எல்லோரும் இணங்கவில்லை. தன் அப்பாவின் வள்ளத்தில் அந்நியன் ஏறக்கூடாது என்று ஒருவர் சொன்னாராம். ஆனாலும் பாதிக்கு மேல் இணங்கினார்கள். பேர் வள்ளங்கள் சிலவற்றுக்கு இலக்கம் அடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குடும்பங்கள் ஏறின. அப்படி மிஞ்சிய இரண்டாவது வள்ளங்களை அந்தக் குடும்பங்களே கரையில் ஏற்றின. மிச்சமுள்ளவை இன்னும் பழையபடி ஓடுகின்றன. யார் யாருடையவை என்று இங்கே எழுதமாட்டேன். அவர்களுடைய சொந்தக்காரரும் இதை வாசிப்பார்கள்.

6

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் கமலா வீடியோ அழைப்பில் வந்தாள். எடுத்தேன். குளக்கரையில் நின்றாள். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அவளுக்குப் பின்னால் செல்வமும் யோகனும்.

"அண்ணையோட கதைக்கவேணும் எண்டு நிக்கிறார்" என்று கைபேசியைச் செல்வத்திடம் கொடுத்தாள்.

"அண்ணை, ரெண்டு பெட்டிக்கு மேல பிடிக்கக் கூடாது எண்டு சட்டம்."

"ஓம்."

"பிடிக்கேல்லை அண்ணை. சத்தியமாப் பிடிக்கேல்லை." கைபேசியைத் தாழ்த்தி, ராசண்ணையின் தாயாருடைய பெயரும் புது இலக்கமும் உள்ள வள்ளத்துக்குள் காட்டினான். ஒரு பெட்டி இருந்தது. அதுவும் பாதிக்குச் சற்று மேல். "நாலு விரல் வலையால இவ்வளவுதான் வருது. சின்னது எல்லாம் பூந்து போகுது. ரெண்டாவது பெட்டியை ஏன் கொண்டு போறன் எண்டு தெரியேல்லை. அதில நான்தான் குந்தி இருக்கிறனான்."

யோகன் சிரித்துவிட்டார். செல்வமும் சிரித்தான். இரண்டு பெட்டி என்பது இந்தக் குளத்தில் மீன் நிறைந்திருந்த காலத்தில் வைத்த அளவு. அந்த அளவை நாங்கள் மிதித்து, பிறகு சண்டை பிடித்து, பிறகு ஏதோ பெருந்தன்மை போலத் திருப்பிக் கொடுத்தபோது, அதை நிரப்புவதற்குக் குளத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் சிரித்தார்கள். நான் இங்கே நின்று, என்ன முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கைபேசியைக் கொஞ்சம் மேலே பிடித்தேன்.

"வீட்டில என்ன பாடு?" என்று கேட்டேன்.

"மனுசி புல்லுப் பிடுங்கப் போறா, முரசுமோட்டைப் பக்கம். சமாளிக்கிறம். பூந்து போன சின்னன் எல்லாம் வளர்ந்து வரட்டும். என்ர வலைக்குத்தானே வரவேணும்."

கமலா கைபேசியைத் திரும்ப வாங்கினாள்.

"அண்ணை, வாற கிழமை பொதுக்கூட்டம். ஒரு பெட்டி எண்டு குறைக்கப் போறம். மாரியில குளம் நிரம்பி, அடுத்த போகம் மட்டும் அப்பிடித்தான். எல்லாரும் முணுமுணுப்பினம், ஆனா ஓம் எண்டுவினம்."

"நல்லது தங்கச்சி."

அவள் தயங்கினாள். காற்றில் சேலைத்தலைப்பு முகத்தில் அடிக்க, அதை ஒதுக்கிக்கொண்டு, ஒரு அலுவலகத்தில் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கும் ஒன்றியத்தில கேக்கவேணுமோ அண்ணை?"

அவளுடைய குளம். அவளுடைய சங்கம். அவளுடைய கணவரின் வலை. அதற்கு அவள் என்னிடம் அனுமதி கேட்டு நின்றாள்.

"வேண்டாம் கமலா" என்றேன். "எங்களைக் கேக்கவேண்டாம்."